பொருளடக்கத்தில் இல்லாத வசனம்

1

இந்தக் கதை ஒரு கிறுக்கல் கையெழுத்திலிருந்து பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வேதம் பெரிதா, திருச்சபை பெரிதா என்ற கேள்விக்கு ஐந்நூறு ஆண்டு வயது. ஜெர்மனியில்...'

நிறுத்திவிட்டேன். மெர்லிமாவ் என்ற சின்ன ஊருக்கு அந்தக் கேள்வி ஜெர்மனியிலிருந்து வரவில்லை. ஒரு பழைய மைவி காரில் வந்தது.

2

விஜயராணி கடைத்தெருவில் அச்சகம் வைத்திருப்பவர், முருக பக்தை. கல்யாணப் பத்திரிகை, பேனர், கோயில் விழா மலர் எல்லாம் அடிப்பார். அந்த மைவியில் வந்தவர் சவரிமுத்து, கத்தோலிக்கர். தம்பி சூசையின் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை கேட்டு வந்தார். சூசை குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளை லாரியில் மோதி இறந்தவர். சாகுமுன் குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. அண்ணனுக்கு அதுதான் உறுத்தல். ஆகவே படத்துக்குக் கீழே 'சூசைக்காகச் செபியுங்கள்' என்று ஒரு வரி, அதன் கீழே ஒரு வசனம். வசனத்தை எழுதாமல் '2 மக் 12:45' என்று கிறுக்கிக் கொடுத்து, "வேதத்துல பாத்துப் போட்டுரும்மா" என்றார்.

கடைசித் தம்பி அருள்தாஸ் பத்து வருடம் முன்பு கத்தோலிக்கத்தை விட்டு டுரியான் துங்கால் ஊரில் ஒரு சபைக்குப் போனவர். இறந்தவருக்காகச் செபிப்பதை அந்தச் சபை ஏற்காது. வேதத்தில் இல்லாததை அடித்தால் கல்லறைக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

(அருள்தாஸை முதல் வரைவில் முரடராக எழுதியிருந்தேன். அது பொய். சூசையின் செருப்பு இன்னும் அவர் வீட்டு வாசலில்தான் இருக்கிறது.)

3

கடையில் இருந்த வேதாகமம், சபைக்காரர் ஒருவர் கொடுத்தது. விஜயராணி பொருளடக்கத்தை இருமுறை பார்த்தார். 'மக்' என்று எதுவும் இல்லை. '2' என்பது அட்டையில் இரண்டாவது வரி என்பதற்கான எண்ணாக இருக்கும் என்று நினைத்தார். 'மக்' என்பது 'மத்' என்பதன் எழுத்துப்பிழை. மத்தேயுவைத் திறந்து அடித்துவிட்டார்.

[கத்தோலிக்க வேதத்தில் ஏழு புத்தகங்கள் கூடுதல். மக்கபேயர் இரண்டாம் நூல் அவற்றில் ஒன்று. இறந்தவரின் பாவம் நீங்க வேண்டுவதை அது நல்ல எண்ணம் என்கிறது. மத்தேயுவில் அதே எண்ணில் இருப்பது வேறு: விட்டுப்போன பேய் தன்னைவிடப் பொல்லாத ஏழு பேய்களோடு திரும்பி வர, அந்த மனிதனின் முடிவு தொடக்கத்தைவிடக் கேடாகிறது.]

4

மாதிரி அட்டையைப் பார்க்க அண்ணன் தம்பி இருவரும் வந்தார்கள்.

"என்னாம்மா இது? என் தம்பி பேய் புடிச்சவனா?" என்றார் சவரிமுத்து.

"ஒரு எழுத்து மாத்தாம அடிச்சிருக்கேன்ணே. மக்குன்னு ஒண்ணு பொருளடக்கத்துலயே இல்லையே."

"கேட்டுக்குங்க, அக்காவே சொல்றாங்க" என்றார் அருள்தாஸ்.

"உன் வேதத்துல ஏழு கொறச்சல்டா."

"உங்களதுல ஏழு ஜாஸ்திலா."

விஜயராணிக்கு ஒரு சந்தேகம். "பொருளடக்கம் யாருண்ணே போட்டது? கோயில் மலர்ல நாங்க அத கடைசியாதான் அடிப்போம். எழுதுனவங்க தரமாட்டாங்க. எது உள்ள, எது வெளியன்னு கமிட்டிதான் சொல்லும்."

சவரிமுத்து சிரித்தேவிட்டார். "அதத்தாம்மா நான் பத்து வருஷமா கத்துறேன்! திருச்சபைதான் அந்தக் கமிட்டி."

"கமிட்டி எழுதலையே அண்ணே. ஏற்கெனவே இருந்தத இருக்குன்னு சொல்லுச்சு, அவ்ளோதான். புத்தகத்துக்கு மேல கமிட்டி உக்கார முடியுமா?" என்றார் அருள்தாஸ்.

இந்த இடத்தில் யார் சொன்னது சரி என்று நான்...

5

"சரி, இந்த வசனம் ரெண்டு பேர் வேதத்துலயும் இருக்குதானே? இதையே அடிச்சிரவா?" என்றார் விஜயராணி. கிண்டலாக இல்லை; பூசை நாளைக்கே, வேறு வசனம் தேட நேரமில்லை.

அருள்தாஸ் அட்டையை வாங்கி அந்த வரிகளைக் கட்டைவிரலால் மறைத்தார். "வேணாக்கா."

"வேதத்துல இருக்குடா" என்றார் அண்ணன், மெதுவாக.

"இருக்கு. சூச அண்ணனுக்கு இல்ல."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

எந்த வசனம் உள்ளே, எது வெளியே என்று தம்பியே கமிட்டியாகச் சொல்லிவிட்டார்; சவரிமுத்துவுக்கு இதைவிட நல்ல பிடி கிடைத்திருக்காது. அவர் மேசையிலிருந்த பேனாவைத் தம்பி பக்கம் தள்ளினார்.

6

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அட்டையில் வெறும் பெயரும் தேதியும். இன்னொன்றில் மக்கபேயர் வசனம் அச்சாகிறது. அருள்தாஸ் கல்லறை வாசலோடு நின்றுவிடுகிறார். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

விஜயராணி பார்த்தது இவ்வளவுதான். அருள்தாஸ் பேனாவை எடுத்து வசனத்தின் குறுக்கே கோடு போட்டு அடித்தார். 'செபியுங்கள்' என்ற மேல்வரிக்கு வந்து நின்றார். அதையும் அடிக்கப்போகிறார் என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி 'ச்'சை மட்டும் அடித்து, 'செ'யின் மேல் 'ஜெ' என்று எழுதினார். சபையில் அப்படித்தான் எழுதுவார்கள்.

சூசைக்காக ஜெபியுங்கள்.

சவரிமுத்து அதைப் பார்த்துவிட்டுப் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"எந்த எழுத்துண்ணே, 'செ'யா 'ஜெ'யா?" என்றார் விஜயராணி.

எந்த எழுத்து என்பதை நீங்களே கோர்த்துக்கொள்ளுங்கள். 'சூசைக்காக' என்பதில் மட்டும் கைவைக்காதீர்கள்.