கோணல் பாய்மரம்

மாவுக்கட்டுக்காரருக்கு வளைந்தது எதுவுமே ஆகாது. ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் உடைந்த கையையும் காலையும் நேராக்கிக் கட்டுப் போட்ட மனுஷர். சுவரில் காலண்டர் ஒரு இம்மி சாய்ந்திருந்தால் போதும், அதை நிமிர்த்திவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவார். "உங்கப்பாவுக்கு வாழைப்பழத்தைப் பார்த்தாக்கூட கை அரிக்கும்டி" என்று அவர் மனைவி சொல்ல, மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அதெல்லாம் மகள் இருந்த காலத்துப் பேச்சு.

போன வருஷம் மகள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவே இல்லை. காலேஜில் படித்துக்கொண்டிருந்த பெண். படுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஒரு பாய்மரக் கப்பல் செய்து முடித்து ஹால் அலமாரியின் மேல் வைத்திருந்தாள். முழ நீளம்தான் இருக்கும். அடிப்பாகம் பழைய பலகை, பாய் தலையணை உறைத் துணி. பாய்மரத்தின் உச்சியிலிருந்து கப்பலின் மூக்கு வரைக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டியிருந்தாள். முடிச்சுப் போடத் தெரியாதவள் போட்ட முடிச்சு, மூக்கில் மிளகு மாதிரி திரண்டு நிற்கும்.

தினமும் காலையில் அதைத் துடைப்பது மனைவியின் வேலை. அவர் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். பார்த்தால் தாங்காது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் துடைக்கும்போது துணியின் ஓரம் பாயில் மாட்டி, கப்பல் தலைகுப்புற விழுந்தது. பாய்மரம் நடுவில் இரண்டாக ஒடிந்துவிட்டது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "அவளையும் காப்பாத்தல, அவ பண்ணி வச்சதையும் காப்பாத்தல. நானெல்லாம் ஒரு அம்மாவா?" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அப்புறம் சமையலறைக்குள் போனவள்தான். ஹால் பக்கம் வருவதில்லை, தட்டில் போட்ட சோற்றைத் தொடுவதில்லை. மாவுக்கட்டுக்காரர் ஆறிப்போன சோற்றை எடுத்து மூடி வைத்தார். ஒருத்தியைப் பறிகொடுத்தாயிற்று, இவளையும் விட்டுவிட முடியுமா?

லீவு போட்டார். ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டு, கப்பலைத் துண்டின் மேல் வைத்தார். எத்தனை தொடை எலும்பைப் பார்த்தவர், ஒரு குச்சிக்கா அசருவார்? நூலின் மேல் முனை வெறும் சுருக்குத்தான். அதை உச்சியிலிருந்து கழற்றி ஒதுக்கினார். ஒடிந்த இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருந்த சிலும்பை உப்புத்தாளால் தேய்த்தார். பசை தடவிப் பொருத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். இருபுறமும் மூங்கில் சிம்பு வைத்து நூல் சுற்றினார். மறுநாள் அவிழ்த்தபோது பாய்மரம் அம்பு மாதிரி நின்றது. எங்கே ஒடிந்தது என்று அவருக்கே தேட வேண்டியிருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் முகத்தில் ஒரு களை வந்தது.

"ஏம்மா, இங்க வந்து பாரேன்."

அவள் வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது அவ கப்பல் இல்லைங்க."

"என்ன பேச்சு இது? அதே குச்சி, அதே பாய்..."

"அவ வளைச்சுல்ல வச்சிருந்தா? மறந்துட்டீங்களா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மகள் குச்சியை நட்ட அன்றைக்கே அவர் சண்டை போட்டிருக்கிறார். 'ஊர்ல ஒரு நேரான குச்சி கிடைக்கலையா உனக்கு?' என்று கேட்டார். 'பின்னாலிருந்து காத்து அடிக்குதுப்பா, மரம் முன்னால சாயுது. இதைக் கை வச்சு நிமித்தினீங்க, நான் உங்களோட பேசவே மாட்டேன்' என்றாள் அவள். கடைசியில் நிமிர்த்தியே விட்டாரே, பாவி மனுஷர்! வேண்டுமென்று செய்யவில்லை. கை பழகிய பழக்கம், அதுவாகச் செய்துவிட்டது.

சமாளிக்கப் பார்த்தார். நூலை எடுத்து உச்சியில் மாட்டப் போனார். எட்டவில்லை. மரம் நிமிர்ந்துவிட்டதில் நூல் ஒரு விரற்கடை குறைந்தது. மூக்கிலிருக்கும் முடிச்சை அவிழ்த்து வேறு நூல் கட்டலாமே என்று அவர் நகம் அதன்மேல் பட்டதுதான் தாமதம்.

"அதுல கை வைக்காதீங்க!" என்று அலறினாள். அந்தக் குரலை ஒரு வருஷமாக அவர் கேட்டதில்லை. "அது அவ விரலால போட்ட முடிச்சு. அதை அவுத்துட்டா அப்புறம் என்னங்க இருக்கு நமக்கு?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கோணலாகக் கூடிய எலும்போடு வருகிறவர்களிடம் அவர் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. அதைக் கேட்டதும் கூட வந்தவர்கள் முகம் வெளுத்துப்போகும். இப்போது அதைத் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

"உடைச்சுத்தான் வைக்கணும்" என்றார். "ஒரு ஆள் பிடிச்சுக்கணும். தனியா முடியாது."

அவள் உள்ளே வந்தாள். எதிரில் உட்கார்ந்து கப்பலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஊரார் கையையெல்லாம் கண் இமைக்காமல் இழுத்து நிமிர்த்தியவர் இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஒடித்தார். சின்னச் சத்தம்தான். இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

மறுபடியும் பசை; சாய்த்து வைப்பதில் விழும் இடைவெளிக்குக் கொஞ்சம் மரத்தூள். நேரான சிம்பு இதற்கு உதவாது. எவ்வளவு சாய்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்தால்தானே தெரியும்! தினமும் துடைத்தவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் முன்னால... போதும், போதும். லேசா பின்னால. ஆங், இதான்."

நூலின் சுருக்கை அவளே எடுத்து உச்சியில் மாட்டினாள். விறைப்பாக, கச்சிதமாக உட்கார்ந்தது. வளைந்த மரமும் புடைத்த பாயுமாகக் கப்பல் எங்கேயோ கிளம்புவது போலிருந்தது. பசை பிடிக்கும் வரைக்கும் அசையக் கூடாது என்றார். அவள் பாய்மரத்தை விரலால் தாங்கிக்கொண்டாள்.

ஜன்னல் வெயில் மேஜையை விட்டு இறங்கித் தரைக்குப் போய்விட்டது. அவர் மெல்ல ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஒட்டிடுச்சும்மா. கையை எடுக்கலாம்."

"தெரியும்" என்றாள் அவள். கையை எடுக்கவில்லை. இப்போது அழுதுகொண்டிருந்தாள். அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கப்பலின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.