பூவரசடியில் நின்றவர்

வெள்ளோடைப்பட்டிக் கண்மாயில் விழுந்த பிம்பம், அதைக் கருப்பு வெள்ளையில் படம் எடுத்து, தாளில் அச்சுப் போட்டு, வெயிலில் உலர்த்தும்வரை தண்ணீரை விட்டுப் போகாது. மேகம் தன்பாட்டுக்கு மேலே நகர்ந்து போய்விடும். அதன் பிம்பம் மட்டும் கீழே கிடக்கும். கலர் படம் எடுத்தால் ஆகாதா என்று கேட்டுப் பயனில்லை. கல்யாணத்துக்கு வந்த ஒரு போட்டோக்காரர் கலரில் எடுத்துப் பார்த்தார். மேகங்கள் அசையவில்லை, தவளைகள் மட்டும் கிளம்பிப் போயின.

படம் எடுக்கிற வேலை அழகுமீனாளும் அவள் கணவர் சேதுராசுவும் பார்த்தது. அவர் கேமராவைப் பிடிப்பார், அவள் இருட்டறையில் கழுவுவாள். காலையில் எடுத்த மேகங்களை உச்சிவெயிலில் கொல்லைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டுவார்கள். படம் காயக் காயக் கண்மாயில் இடம் விடும். பிறகுதான் மாடுகள் தண்ணீருக்கு வரும். மேகம் கிடக்கிற தண்ணீரை அந்த ஊர் மாடு முகர்ந்துகூடப் பார்க்காது.

மனிதர்களுக்கும் அதே சட்டம்தான். உள்ளூரில் இருக்கும்வரை தொந்தரவில்லை. வெளியூரில் தங்கப் போகிறவர்கள் மட்டும் கரையில் நின்று ஒரு படம் எடுத்துக் காயவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். இல்லாவிட்டால் பிம்பம் இங்கேயே நின்றுவிடும். ஆள் போன ஊரில் எந்தக் கண்ணாடியிலும் தெரியமாட்டார். ஊருக்கே படம் எடுத்துக் கொடுத்த சேதுராசு தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் வந்துவிடுகிறவருக்கு எதற்குப் படம்?

அவர் மதுரைக்குத் தாள் வாங்கத்தான் போனார். கருப்பு வெள்ளைத் தாள் அப்போதே குதிரைக்கொம்பாகிவிட்டது. மதுரையில் இல்லை, திருச்சியில் கேளுங்கள் என்றார்கள். திருச்சியில் சென்னை என்றார்கள், சென்னையில் விஜயவாடா என்றார்கள். நாக்பூரில் ஒரு கடைக்காரர் அடுத்த மாதம் வரும் என்றார். அதுவரை சும்மா இருப்பானேன் என்று சேதுராசு அந்தக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்துகொண்டார். அந்த அடுத்த மாதம் இன்னும் வரவில்லை.

அவருடைய பிம்பம் பூவரச மரத்தடியில், பஸ்ஸுக்குச் சில்லறை தேடிச் சட்டைப்பையில் கைவிட்டபடி நின்றது. அழகுமீனாள் தினமும் வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து, அன்றைய பாடுகளையெல்லாம் சொல்லுவாள். எந்த மேகம் முரண்டு பிடித்தது, ரசத்துக்கு உப்பு கூடிப்போனது, முதுகில் பிடித்துக்கொண்ட வலி. பிம்பம் பதில் சொல்லாது. வீட்டில் இருந்தபோதும் அவர் பெரிதாகப் பதில் சொன்னவரில்லை. ஊரில் பேச்சுக்கு ஆளில்லாமல் இல்லை; ஆனால் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் வீடு அப்படியே இருந்தது. அவளுக்குத் தனிமை பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

சேதுராசு அவ்வப்போது போனில் பேசுவார். முகம் தெரியாமல் சவரம் செய்து கன்னமெல்லாம் கீறல் என்றார். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்து, இந்த ஆள் எந்த ஊர் என்று விசாரிக்கிறார்களாம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக எத்தனை நாள் இருப்பது என்றார்.

"ஒரு படம் எடுத்து விட்டுரு மீனா."

"எடுத்துட்டா நீங்க முழுசா அங்கதான இருப்பீக. பாதியாவது இங்க நிக்கட்டும்."

 தாள் வந்ததும் வந்துவிடுவேன் என்று அவர் வைத்துவிட்டார்.

கையிருப்பில் இருந்த தாளும் தீர்ந்துபோனது என்று ஊரில் சொல்லியிருந்தாள். அது முழுப்பொய் இல்லை. ஒரே ஒரு தாளை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள். எதற்கு வைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் பானையை நகர்த்தாமலே அரிசி எடுத்துவந்தாள்.

சித்திரையில் கண்மாய் வற்றத் தொடங்கியது. படம் எடுக்காமல் ஓரத்தில் கிடந்த மேகங்கள் எல்லாம் தண்ணீர் இருந்த பூவரசடிக்கு ஒதுங்கின. சேதுராசு கழுத்துவரை மேகத்தில் நின்றார். மடை பார்க்கிற பூமிநாதன் வீடு தேடி வந்தான். ஊரில் மற்றவர்கள் அவளிடம் எடுக்கத் தயங்கிய பேச்சை அவன்தான் நேராக எடுத்தான்.

"மதினி, பூவரசடியிலயும் முழங்கா தண்ணிதான் கெடக்கு. சேறாயிட்டா அண்ணனை எடுக்க முடியாது."

அவன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்னொரு கோடையில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் பிம்பம் சேற்றோடு வெடித்துப்போனது. அவர் இப்போது எந்த ஊரில் முகம் பார்த்தாலும் பாளம் பாளமாகத்தான் தெரிகிறதாம். அழகுமீனாள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. வைத்துக்கொள்ள ஆசைதான். உடைந்துபோகவா வைத்துக்கொள்வது?

மறுநாள் காலையில் பானையை நகர்த்தினாள்.

கரையில் சேதுராசு போட்டுவைத்த ஒரு தட்டைக்கல் உண்டு. எடுக்கிறவர் கல்லுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். தாண்டினால் எடுக்கிறவரின் பிம்பமும் படத்துக்குள் விழுந்துவிடும். இத்தனை காலத்தில் அவள் அதைத் தாண்டியதில்லை. அன்று கேமராவைக் கண்ணில் வைத்தபோது மேகங்கள் தெரிந்தன, சட்டைப்பை தெரிந்தது, முகம் மட்டும் கலங்கலாக இருந்தது. தண்ணீர்தான் கலங்கியிருக்கிறது என்று நினைத்தாள். கலங்கியது அவள் கண். முகத்தைச் சரியாகப் பார்க்கலாமென்று ஓர் எட்டு முன்னால் வைத்து அழுத்திவிட்டாள்.

இருட்டறையின் சிவப்பு விளக்கில் தாளை மருந்துத் தட்டில் ஆட்டினாள். முதலில் மேகங்கள் வந்தன. பிறகு சட்டை, பிறகு அவர் முகம். பிறகு அவருக்குப் பக்கத்தில், கேமராவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். அழகுமீனாள் அவளைச் சற்று நேரம் பார்த்தாள். இருந்தது ஒரே தாள். அலசி எடுத்துப்போய்க் கொடியில் மாட்டினாள்.

படம் காய்கிற நேரத்துக்குக் கண்மாய்க்குப் போனாள். மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மிகைத் தண்ணீர் வழிகிற கலுங்கைத் தாண்டிப் போயின. சேதுராசு சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார்; சில்லறை கிடைத்துவிட்டது போலிருக்கிறது. அவர் நடக்க, அந்தப் பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் நின்றவளுக்கு அதுதான் வலித்தது. குனிந்து பார்த்தாள். தெளிந்த தண்ணீரில் பூவரசமரம் மட்டும் நின்றது.

அதற்குப்பின் கண்ணாடியில் முகம் தெரியாமல், அவள் பொட்டைத் தடவிப் பார்த்துத்தான் வைத்துக்கொண்டாள். நாக்பூரிலிருந்து போன் வந்தபோது கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முகம் வந்துருச்சு மீனா. நீயும் கூடவே வந்திருக்க."

"எப்படி இருக்கேன்?"

"மெலிஞ்சு போயிருக்க."

அவள் கொடியிலிருந்து அடுத்த துணியை உருவினாள். அவரே மேலே பேசினார்.

"வந்ததுலேர்ந்து ஓயாம என்னமோ பேசிக்கிட்டே இருக்க. கண்ணாடிக்குள்ள இருக்கறதால எனக்குக் கேக்க மாட்டேங்குது. என்ன சொல்ற?"

"நெறைய இருக்கு. நேரமாகும்."

"கடையச் சாத்திட்டேன். சொல்லு."

கொடியில் இன்னும் எடுக்காமல் தொங்கிய அந்தப் படத்து மேகங்களிலிருந்து மழை சொட்டத் தொடங்கியிருந்தது. அழகுமீனாள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அதற்கு அடியில் ஒரு வாளியை எடுத்துவைத்துவிட்டு, அவர் பஸ் ஏறிப் போன அன்றிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.