பதின்மூன்றாம் கண்ணி

1957 ரமலானுக்குப் பிறகு, திண்டுக்கல் பேகம்பூரில் ஜெய்தூன் பீவி கட்டிய முனாஜாத்து என்ற வேண்டுதல் பாட்டைப் பாடிய பெண்கள் பாயிலிருந்து ஒரு சாண் உயர்ந்தார்கள். வெள்ளிதோறும் லுஹர் என்ற நண்பகல் தொழுகை முடிந்ததும் ஒரு வீட்டில் கூடி, இறைவனிடம் கையேந்திப் பாடுவது வழக்கம். ஆகவே வெள்ளிதோறும் உயர்ந்தார்கள். அந்த வருடம் மழை விடாமல் பெய்து, பதனிட்ட தோல் காயாததைப் பற்றித்தான் தெருவில் அதிகம் பேசினார்கள்.

ஜெய்தூனின் ஓரகத்தி தாஹிராவுக்கு மட்டும் தூக்கம் போயிற்று. அவள் யாப்பு படித்தவள். நாற்பது முனாஜாத்து எழுதியிருந்தாள். அவற்றைப் பாடியவர்களின் முந்தானைகூட அசையவில்லை. ஜெய்தூனோ எழுதப் படிக்கத் தெரியாமல், வெங்காயம் உரித்துக்கொண்டே பாட்டுக் கட்டியவள். மூன்று வருடம் தாஹிரா சுவரோரம் உட்கார்ந்து, பாடாமல், விரல் விட்டு எண்ணினாள். இருபது கண்ணி. அடிக்கு நான்கு சீர். எதுகை எங்கும் தப்பவில்லை. அது அவளை வாட்டியது. மோனை சில இடங்களில் இல்லை, அது ஆறுதல். கண்ணிக்கு ஒருமுறை 'ரஹ்மானே' திரும்ப வந்தது. பெண்கள் உயர்ந்தது பதின்மூன்றாவது 'ரஹ்மானே'யில் மட்டும். அந்தக் கண்ணியின் கடைசி அடியில் மூன்றே சீர் இருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று தாஹிரா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

"ஒரு சீர் குறையுது. இது தப்பான பாட்டு," என்று அடுத்த வெள்ளி எல்லோர் முன்னும் சொன்னாள்.

"குறைஞ்சா என்னடி, ஆளு மேல போகுதுல்ல?" என்றாள் குர்ஷித் பேகம். "ஒன் பாட்டுல எல்லாம் சரியா இருக்கு. நாங்கதான் தரையிலயே இருக்கோம்."

அல்லாஹ்விடம் குறையோடு போகலாமா என்று தாஹிரா கேட்டாள். அவளே ஒரு நல்ல சீரை எழுதி அந்த இடத்தை நிரப்பினாள். நான்கு வெள்ளி அப்படியே பாடினார்கள். ஒருவரும் உயரவில்லை. குர்ஷித் பேகத்துக்கு முட்டி வலி திரும்பி வந்தது.

ஜெய்தூன் அடுப்படிக்கு வந்து கேட்டாள். "அந்த எடத்தை ஏன்க்கா அடச்சீக? யாருக்காக துஆ கேக்குறோமோ அவுக பேரை அங்கதான மனசுக்குள்ள சொல்லிக்கிருவோம். நீங்க சொன்னதே இல்லையா?"

ஒருநாளும் பாடியிராத தாஹிரா குனிந்து அடுப்பை ஊதினாள்.

மறு வெள்ளி அவளுடைய சீரை விட்டுவிட்டார்கள். அவளும் சேர்ந்து பாடினாள். மலேயாவில் இருந்த மகனின் பெயரைத்தான் சொல்ல நினைத்திருந்தாள். மூன்று வருடமாக மனதில் வேறு பெயரே இல்லாததால், அந்த இடத்தில் ஜெய்தூன் பீவி என்று வந்துவிட்டது. மற்றவர்கள் ஒரு சாண் உயர்ந்து இறங்கினார்கள். தாஹிராவின் தலை உத்திரத்தில் இடித்தது.

"அம்புட்டு ஒசரமா! யாரு பேரைக்கா சொன்னீக?" என்று ஜெய்தூன் கீழேயிருந்து கேட்டாள்.

"என் பேரைத்தான்," என்றாள் தாஹிரா.

அவள் இறங்கவில்லை. 1964இல் மின்விசிறி மாட்ட வந்த ராயப்பராஜ் அண்ணாந்து பார்த்துவிட்டு, கொக்கியை இரண்டு முழம் தள்ளி அடித்தார்.