சொட்டு மருந்துக்குக் கட்டம் இல்லை

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஓர் ஆய்வுக் கேள்வித்தாளின் பின்பக்கத்தில். முன்பக்கத்தில் முப்பத்திரண்டு கேள்விகள், அச்சில். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரே வரி: ‘கண்ணுக்குச் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும்.’ எழுதியவளை எனக்குத் தெரியும். அவள் சொன்னது பாதி, நான் இட்டுக்கட்டியது மீதி.

2.

‘வட்டாரப் பெண்களின் தேவைகளை அறியும் ஆய்வுக்குத் திட்டமிடத் தொடங்கிய அன்று, வானம் இருண்டு —’

(இருளவில்லை. அடித்துவிட்டேன்.)

மகளிர் மையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். ஊருக்குப் புதியவள். இருநூற்று நாற்பது வீடுகளில் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரித்து, முதலில் மூன்று வீடுகளில் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார் இயக்குநர். இரண்டு வீடுகளில் வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது, மாடியில் தனியாக இருந்த தையல்காரியின் வீடு. கண்ணில் அறுவை முடிந்து நான்கு நாள். உறை போட்ட தையல் மெஷின் மேல் மருந்துக் குப்பி இருந்தது.

“தொழிற்பயிற்சி ஏதாவது தேவையா, அக்கா?”

“முப்பது வருஷமா தைக்கிறேன். நான்தான் சொல்லிக் குடுக்கணும்.”

“குழந்தைகள் காப்பகம்?”

“என் பையனுக்கே தலை நரைச்சாச்சு. பேரப்புள்ளைங்களுக்குன்னா அவன் இருக்கற ஊர்ல வைங்க.”

“வேற என்ன தேவை?”

தையல்காரி குப்பியைக் காட்டினாள். “இதைக் கண்ணுல விட ஒரு ஆள். மூணு வேளை விடணும். நானே விட்டா கன்னத்துலதான் விழுது.”

தாளில் அதற்கு டிக் போடக் கட்டம் இல்லை. தாளைத் திருப்பி எழுதிக்கொண்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, மருந்தை விட்டாள்.

3.

(இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம். கேட்கப் போனவள் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாமே? ‘இளகிய மனசுக்காரி’ என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்த நான்கு மாதத்தில் அவள் யாரையும் தொட்டதில்லை. இன்னொருவர் முகத்தைக் கையில் ஏந்தியபோதுதான் அது அவளுக்கே உறைத்தது. இப்படி வைத்துக்கொள்கிறேன்.)

காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, வேலை முடிந்து ஒருமுறை. தினமும் போனாள். விஷயம் இயக்குநர் காதுக்கு எட்டியது.

“அந்த மூணாவது தாளை எடுத்துடுங்க. பதில் சொன்னவங்களுக்கு நாமளே வேலை செஞ்சா அது ஆய்வு இல்ல.”

“ஒரு கேள்வி சேத்துக்கலாமா, மேடம்? உடம்பு முடியலன்னா கூட இருக்க ஆள் இருக்காங்களான்னு.”

“இல்லன்னு சொன்னா? குடுக்க நம்மகிட்ட என்ன இருக்கு?”

ஆனாலும் முப்பத்துமூன்றாவதாக அதைத் தட்டச்சு செய்து கொண்டுபோய் வைத்தாள். இயக்குநர் பேனாவைத் திறந்தார். அடிக்காமல் மூடிவிட்டார்.

4.

“வாம்மா, கேள்விக்காரி” என்றுதான் தையல்காரி கூப்பிடுவாள். ஒருநாள், அண்ணாந்து கண்மூடியிருந்தபடியே கேட்டாள்.

“உன்னை யாரும் எதுவும் கேக்கறதில்லையா?”

“என்ன கேக்கணும்?”

“சாப்ட்டியான்னாவது.”

“கேக்கறாங்களேக்கா.”

பொய். தையல்காரி அதற்குமேல் கிளறவில்லை.

நான்காவது வாரம், ஒரு சாயங்காலம்.

“டாக்டர் பாத்துட்டார். நாளையிலேர்ந்து மருந்து வேணாமாம்.”

“நல்லதுக்கா.”

“ஆமா. நல்லதுதான்.”

5.

ஒரு முடிவு எழுதினேன்: ‘தையல் கத்துக்க வா’ என்கிறாள் தையல்காரி. திகட்டியது, கிழித்தேன். இன்னொன்று: மறுநாள் மதியம் கால் பழக்கத்தில் அந்தப் படியேறுகிறது, கதவில் பூட்டு. அழவைப்பதற்கென்றே செய்த பூட்டு, அதுவும் வேண்டாம்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தச் சாயங்காலம் வாசலில் செருப்பு கண்முன்னே கிடந்தும் அவள் தேடினாள். உள்ளே தையல்காரி மெஷின் உறையை எடுத்து மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள்.

“அப்ப நான்...” என்றாள் கேள்விக்காரி.

அவள் நாளைக்கும் வர, இருவரில் ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு அது அகப்படவில்லை. உங்களுக்கு அகப்பட்டால் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். அவள் இன்னும் படியிறங்கவில்லை.