சாயம் ஏறாத துண்டு

ஸ்லைடு அக்கா என்ற பெயரை வைத்தது அவளுடைய நாத்தனார்தான். வீட்டில் அண்ணி, ஆய்வகத்தில் ஸ்லைடு அக்கா. இரண்டாம் மாடியில் ஜன்னலோர மைக்ராஸ்கோப் முன்னால் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, ரத்த செல்களில் குரோமோசோம்களை எண்ணிக் குறை நிறை சொல்கிறவள். நாத்தனாருக்கு அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் வேலை: வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது, ரத்தக் குழாய்களில் லேபிள் ஒட்டுவது. போகவும் வரவும் ஒரே பஸ். நடுவில் எட்டு மணி நேரம் நிம்மதி என்று இருவருமே தனித்தனியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

வினை ஒரு நாலு வயதுப் பிள்ளையின் ரத்தத்தில் வந்தது. பேச்சு வரத் தாமதமாகிறது என்று சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நாற்பத்தாறு குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு. கூடுதலாக வந்தது முழுசுகூட இல்லை, ஒரு பொடித் துண்டு. அது மாதிரி துண்டுகளை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். ஆனால் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இடுப்பு மாதிரி ஓர் இடம் உண்டு. சென்ட்ரோமியர் என்பார்கள். செல் இரண்டாகும்போது இழைகள் வந்து அதைப் பிடித்துத்தான் இரு பக்கமும் இழுக்கும். அந்தப் பிடி இல்லாத துண்டு நாலைந்து பிரிவுக்குள் தொலைந்துபோகும். சென்ட்ரோமியர் இருக்கும் இடத்து டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொண்டு சிவப்பாக ஒளிரும் சாயம் ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. மற்ற நாற்பத்தாறிலும் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. துண்டில் பொட்டு சிவப்பில்லை. ஆனாலும் பார்த்த முப்பது செல்லிலும் அது குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

மறுபடி ரத்தம் எடுத்து, மறுபடி சாயம் போட்டுப் பார்த்தாள். அதே கதைதான்.

"சாயம் சரியா போடல," என்றார் ஆய்வகத் தலைவரான பெரிய டாக்டர். "போன மாசமும் ஒண்ணை சொதப்பினீங்க."

"மத்த நாப்பத்தாறுலயும் ஏறின சாயம் இதுல மட்டும் ஏறலன்னா, அதுக்கு என் கை என்ன டாக்டர் பண்ணும்?"

"பிடியே இல்லாத துண்டு எப்படிம்மா நிக்கும்? இன்னொரு தப்பு வந்தா நீங்க கீழ ரிசப்ஷனுக்குப் போயிடுங்க. கடிதமே குடுத்துடறேன்."

கொடுத்தும் விட்டார், மகராசன். இனி ஒரு தப்பு வந்தால் ஜன்னலோர நாற்காலி போய்விடும். அந்த நாற்காலியை விட்டால் தனக்கு வேறு எதுவும் தெரியாது என்பது அவள் எண்ணம்.

சாயங்காலம் பஸ்ஸில் நாத்தனாரிடம் கொட்டித் தீர்த்தாள். "பிடி டி.என்.ஏ.விலயே எழுதியிருக்குன்னு நெனைக்கறாரு. அப்படி இல்ல. டி.என்.ஏ. நூல் மாதிரி, அதைச் சுத்தி வெச்சிருக்கற உருண்டைங்க ஹிஸ்டோன். எல்லா எடத்துலயும் சாதா உருண்டை, சென்ட்ரோமியர்ல மட்டும் சென்ப்-ஏன்னு ஒரு தனி ரகம். செல்லு பிரியறப்ப அது ஆளுக்குப் பாதியா போகும். அப்புறம் புதுசு வந்து, பழசு எங்க இருக்குன்னு பாத்து, அங்கயே உக்காந்து கொறையை நெரப்பும்."

"பையை வெச்சு சீட்டுப் புடிக்கற மாதிரியா அண்ணி?"

"அதேதான். சீட்டுல என்ன எழுதியிருக்குங்கறது இல்ல, பை எங்க இருக்குங்கறதுதான். பை தவறிப் பக்கத்து சீட்டுல விழுந்தா, அப்புறம் அதான் நம்ம சீட்டு. இந்தத் துண்டுல அப்படித்தான் ஆயிருக்கணும். சிவப்புச் சாயத்தை விட்டுட்டு அந்த சென்ப்-ஏ புரதம் துண்டுல இருக்கான்னு பாக்கணும். ஆனா பழைய ரத்தத்தையெல்லாம் அமிலத்துல போட்டாச்சு, புது ரத்தம் வேணும்."

நாத்தனாருக்கு வாய் நீளம். அன்றைக்கு அது உதவியது. பிள்ளையின் அம்மாவை அவள்தான் பேசிப் பேசி வரவழைத்தாள். "மூணாவது தடவைங்க இது," என்றாள் அம்மா, பிள்ளையின் கையைத் திருப்பிக் காட்டி. ஊசி இறங்கிய இடம் கன்றிப்போயிருந்தது. "இதான் கடைசி. இனிமே கேட்டா வர மாட்டேன்."

"எங்க அண்ணி கைக்குப் போகுது, ஒரு சொட்டு வீணாகாது," என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள் நாத்தனார்.

மூன்று நாள் செல்களை வளர்த்து, இரண்டு குழாய்களில் பிரித்து, உப்புநீரில் ஊற வைத்தாள் ஸ்லைடு அக்கா. அடுத்தது எப்போதும் ஃபிக்ஸேட்டிவ், அதாவது மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவம். குரோமோசோம் அழகாக விரிந்து படிவதற்காக ஊற்றுவார்கள். ஆனால் அந்த அமிலம் ஹிஸ்டோன்களை உருவிக்கொண்டு போய்விடும். அவளுக்கு அது தெரியாதா? தலைகீழ்ப் பாடம். தெரிந்தது மூளைக்கு; கைக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். முதல் குழாயில் ஊற்றி மூடியைத் திருகிய பிறகுதான் உறைத்தது.

"ஐயோ, பாழாப்போச்சே!"

யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது குழாயை ஒரு நிமிஷம் தொடவே பயமாக இருந்தது. பிறகு அதிலிருந்த செல்களை அப்படியே கண்ணாடி ஸ்லைடில் படியவைத்து, சென்ப்-ஏவைத் தேடிப் பிடிக்கும் பச்சைச் சாயத்தைப் போட்டாள்.

எண்ணுவதற்குப் பத்தொன்பது செல்தான் தேறியது. பத்தொன்பதிலும் அந்தப் பொடித் துண்டின் ஓரமாக, இருக்கவே கூடாத இடத்தில், ஜோடியாக இரண்டு பச்சைப் புள்ளிகள். பெரிய டாக்டர் வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"அடேங்கப்பா," என்றார். "தப்பு என்னோடதும்மா." அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பிறகு அவள் எழுதிய அறிக்கையைப் படித்தவர் பேனாவை எடுத்தார். "முதல் குழாயில ஃபிக்ஸேட்டிவ் ஊத்தினதை ஏன் எழுதினீங்க? எடுத்துடுங்க. யாரும் கேக்கப் போறதில்ல."

"நம்ம செய்முறைத் தாள்ல மூணாவது வரி என்ன சொல்லுது? எல்லாத்தையும் ஃபிக்ஸேட்டிவ்ல போடுன்னு. நான் எழுதலன்னா வரி மாறாது. அடுத்து வர்றவங்க ரெண்டு குழாயையுமே ஊத்திடுவாங்க. அன்னிக்கு இன்னொரு புள்ளைக்கு ஊசி."

"எழுதினா என் கடிதப்படி நீங்க கீழ போகணும்."

"தெரியும் டாக்டர்."

அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜன்னலோரத்தில் கிடந்த தன் மூக்குக் கண்ணாடிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். பாழானதென்று அவள் தலையில் அடித்துக்கொண்ட முதல் குழாய், துண்டு எந்தக் குரோமோசோமிலிருந்து உடைந்தது என்று டி.என்.ஏ.வில் தேடுவதற்குப் போதுமானதாக இருந்தது. பிள்ளைக்கு நாலாவது ஊசி விழவில்லை.

திங்கட்கிழமை முதல் கீழ்த்தளத்தில் லேபிள் ஒட்டினாள். இனி அந்த எட்டு மணி நேர நிம்மதியும் கிடையாது என்று நாத்தனார் அங்கலாய்த்தாள், ஆனால் மின்விசிறிக்கு நேரான இடத்தை அண்ணிக்கே கொடுத்தாள்.

புதன்கிழமை இரண்டாம் மாடியிலிருந்து ஒருத்தி ஒரு குரோமோசோம் படத்தைக் கொண்டுவந்து, "அக்கா, இது மடிப்பா, ஒடைசலா?" என்று கேட்டுப் போனாள். மறுநாள் மூன்று பேர். அடுத்த வாரம் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களைக் கட்டாகக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய டாக்டரே இறங்கி வந்து நின்றார்.

நாத்தனார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அண்ணியைப் பாக்கணும்னா வரிசையில வாங்க டாக்டர்," என்று ஒரு டோக்கனைக் கிழித்து நீட்டினாள். அவரும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.