நன்றியுரையில் என் பெயர்

பிரகலாதன் என்னைத் தேடி வந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. என் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையின் மகன் அவன். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் அறையெடுத்துக் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தான். அடுத்த படம் பைபோலர் என்கிற மனநோய் பற்றியதாம். எனக்கு அந்த வருத்தம் இருப்பது எங்கள் சொந்தத்துக்குள் நாலைந்து பேருக்கும், நான் வேலை செய்த முன்பள்ளியின் தலைமை ஆசிரியை ஞானாம்பிகை ரீச்சருக்கும் மட்டும்தான் தெரியும்.

“சினிமாவிலை இந்த வருத்தமெண்டால் தலையை விரிச்சுப்போட்டுக் கத்துறதுதான் அக்கா. நாங்கள் உண்மையைக் காட்டுவம். நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்,” என்றான்.

சொன்னேன். கம்பஸில் படிக்கும்போது நித்திரையே இல்லாமல் திரிந்ததையும், ஊருக்கே இலவசப் பள்ளிக்கூடம் திறக்கப் போவதாகத் தச்சரிடம் பிள்ளைகள் இருக்கிற வாங்குகளுக்கு ஓடர் கொடுத்ததையும், பிறகு மாதக்கணக்கில் பல்லுத் தீட்டக்கூட எழும்பாமல் சுவரைப் பார்த்துக் கிடந்ததையும் சொன்னேன். மருந்து பிடித்த பிறகு வந்த சாதாரண வாழ்க்கையைத்தான் அதிகம் சொன்னேன். இரவில் லித்தியம் குளிசை, நாள் முழுக்கத் தண்ணீர், கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை, காலையில் சைக்கிளில் உரும்பிராய்ச் சந்தி கடந்து முன்பள்ளி. அங்கே சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் என் மடியில் வந்து ஏறும் நிவேதனா. கலியாணப் பேச்சை வீட்டில் எப்போதோ விட்டுவிட்டார்கள். அந்த முன்பள்ளி ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

“இதைக் காட்டடா,” என்றேன். ஓம் அக்கா என்றான். என் பெயர் ஒரு இடத்திலும் வரக்கூடாது என்றேன். அதற்கும் ஓம் என்றான். ஓம் சொல்வதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

படத்தை எங்கள் வாசிகசாலை மண்டபத்தில் வெளியிட்டார்கள். ஊரே வந்திருந்தது. முன்பள்ளித் தாய்மாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். என் பாத்திரத்தில் தனுசியா என்றொரு பெண் நடித்திருந்தாள். முதலில் கண்ணாடியைப் பார்த்துத் தனியே சிரித்தாள். பிறகு மழையில் ஆடினாள். மழை வந்தால் நான் கொடியில் கிடக்கிற உடுப்பை எடுக்கத்தான் ஓடுவேன். குளிசை ஒரே ஒரு இடத்தில் வந்தது, அதையும் அவள் கிணற்றுக்குள் எறிந்தாள். கடைசியில் ஈரத் தலையை விரித்துப்போட்டபடி, கையில் கத்தியோடு, அழுகிற ஒரு சின்னப் பிள்ளையை நோக்கி நடந்து வந்தாள். மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் வீரிட்டன. அத்தோடு படம் முடிந்தது. சனம் கை தட்டியது.

எழும்பிப் போயிருப்பேன். அதற்குள் நன்றியுரை தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் நன்றியுரை இல்லாமல் ஒரு கூட்டமும் முடியாது. ஒருவருடைய பெயர் விடுபட்டால் அது அடுத்த தலைமுறை வரைக்கும் பகை. மண்டபம் தந்தவர், லைற் தந்தவர், தேத்தண்ணி ஊற்றியவர் என்று எல்லோருக்கும் நன்றி சொன்ன பிரகலாதனின் குரல் தழுதழுத்தது.

“இந்தக் கதைக்குச் சொந்தக்காரி இந்த மண்டபத்துக்குள்ளைதான் இருக்கிறா. தன்ரை வாழ்க்கையையே எங்களுக்குத் தந்த வினோஜா அக்காவை மேடைக்கு அழைக்கிறன். அவவுக்குப் பொன்னாடை போர்த்தாட்டி நாங்கள் மனுசரில்லை.”

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். எனக்கு மரியாதை செய்வதாகவே அவன் நினைத்தான்.

கத்தினால் படத்தில் வந்தவளாகிவிடுவேன். ஆகவே சிரித்துக்கொண்டு ஏறினேன். கண்ணாடிக்கு முன்னால் அவள் சிரித்தது ஞாபகம் வந்ததும் சிரிப்பையும் குறைத்துக்கொண்டேன். தனுசியாதான் பொன்னாடையைப் போர்த்தினாள். கீழே நிவேதனாவின் தாய் பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பிரகலாதனைப் பிடித்து, நான் சொன்னதெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

“நீங்கள் சொன்னதெல்லாம் எடுத்தனாங்கள் அக்கா. தண்ணி குடிக்கிறது, சைக்கிள் ஓடுறது, எல்லாம். எடிற் பண்ணேக்கை பார்த்தால் ஒண்டும் நடக்கேல்லை. கனடாவிலை இருந்து காசு போட்ட மாமா, விசர் பிடிச்சவள் எங்கை எண்டு கேக்கிறார்,” என்றான்.

திங்கட்கிழமை ஞானாம்பிகை ரீச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உம்மைப் பற்றி எனக்குத் தெரியும் வினோஜா. தெரிஞ்சுதானே வேலைக்கு எடுத்தனான். தாய்மார்தான் பயப்பிடினம். விளையாட்டுப் போட்டி முடியுமட்டும் நீர் வீட்டிலை இருந்து ஆறும்.”

“இவ்வளவு காலத்திலை நான் ஒரு பிள்ளையை அதட்டினதைக் கண்டிருக்கிறியளோ ரீச்சர்?”

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ரீச்சரின் கை, மேசையில் கிடந்த கத்தரிக்கோலை மெல்ல லாச்சிக்குள் தள்ளி மூடியது. தான் அப்படிச் செய்ததை அவரே கவனித்திருக்க மாட்டார்.

வீட்டிலும் அப்படித்தான். கறியில் உப்புக் கூட என்றால், “மருந்து போட்டனியோ பிள்ளை?” என்பாள் அம்மா. தொலைபேசியில் யாரோடாவது சிரித்தால் அதே கேள்வி. பேசாமல் இருந்தாலும் அதே கேள்வி. கெதியாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் கதைக்கப் பழகினேன். என்னைப் போல நடிக்கத் தனுசியா பட்ட பாட்டைவிட நான் பட்ட பாடு பெரிது.

விளையாட்டுப் போட்டி ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. போவதில்லை என்றுதான் இருந்தேன். முழுகிவிட்டுத் தலை காய முற்றத்தில் நின்றபோது முன்பள்ளிப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கேட்டது. “இன்றைய எமது பிரதம விருந்தினர், சிறந்த நடிகைக்கான விருது பெற்ற செல்வி தனுசியா அவர்கள்...” என்று ஞானாம்பிகை ரீச்சரின் குரல். என்னைப் போல நடித்தவளுக்கு அங்கே மாலை, எனக்கு அங்கே இடமில்லை. அடுத்தது வண்ணத்துப்பூச்சி அப்பியாசம் என்று அறிவித்தார்கள். அது நான் பழக்கியது. இடக்கை எது என்று பிடிபடாத நிவேதனாவுக்கு அந்தக் கையில் நூல் கட்டிப் பழக்கியிருந்தேன். ஒருக்கால் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று நின்ற கோலத்திலேயே ஒழுங்கை வழியே நடந்தேன்.

கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கடதாசிச் சிறகு கட்டிய பிள்ளைகள் கையை விரித்து விரித்து ஆடின. நிவேதனா ஒரு இடத்திலும் பிழைவிடவில்லை. சந்தோசத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முடிந்ததும் அவள் என்னைக் கண்டாள்.

“வினோஜா ரீச்சர்!”

சிறகோடு ஓடிவந்தவள் வேலிக்குக் கிட்ட வந்ததும் நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் விரிந்து கிடந்த ஈரத் தலைமயிரைப் பார்த்தாள். பிறகு வீரிட்டாள், அன்றைக்கு மண்டபத்தில் கேட்ட அதே வீரிடல்.

அப்போதுதான் தலையைக் கட்டாமல் வந்தது எனக்கு உறைத்தது. இரண்டு கையாலும் அள்ளி முடியப் பார்த்தேன். கை நடுங்கியது. லித்தியம் குடித்தால் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும், அதையும் பிரகலாதனுக்குச் சொல்லியிருந்தேன். தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். யாரோ ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்தார். மேடையில் இருந்த தனுசியா எழும்பி, பாவம், என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

என்னைத் தேடி அம்மா மூச்சிரைக்க ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“மருந்து போட்டனியோ பிள்ளை?” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

“ஓம் அம்மா, போட்டனான்,” என்றேன்.

அது ஒருவருக்கும் கேட்டிருக்காது. ஒலிபெருக்கியில் நன்றியுரை தொடங்கிவிட்டது.