முன்னோர் ருசி பார்த்த ஆக்டோபஸ்

சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு எங்கள் ஆண்டோங் ஊர்ப் பக்கம் ஆக்டோபஸ் இல்லாத படையல் படையலே இல்லை. எங்கள் குலத்தலைவர் பியோங்குக் அண்ணன் அதைக் கடற்கரைச் சந்தையிலேயே வேகவைத்து வாங்கி, கார் டிக்கியில் போட்டு, பண்டிகை நெரிசலில் ராத்திரி முழுக்க ஊர்ந்து வந்து சேர்ந்தார். கால்கள் பூப்போலச் சுருண்டிருந்தன. வாசனை மட்டும் பூவினுடையது அல்ல.

அவருடைய தம்பி மனைவி யங்மி மூக்கைச் சுளித்தாள். போன வருஷம்தான் தன் சிறுநீரகம் ஒன்றைக் கணவன் தேஹோவுக்குக் கொடுத்திருந்தாள். அதை அவன் உடம்பு தள்ளிவிடாமலிருக்க விழுங்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை வழித்தெடுத்திருந்தன. கெட்டுப்போனது ஒரு வாய் போதும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

“அத்தான், ஒரு துண்டு வாயில போட்டுப் பாத்துட்டு வைக்கலாமா?”

“முன்னோர் வாய் வைக்கிறதுக்கு முன்னாடி நீ வைப்பியா? நல்லா வளத்திருக்காங்கம்மா உங்க வீட்ல!”

மெழுகுவர்த்தி அணைந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தினார்கள். பியோங்குக் அண்ணன் சீன எழுத்தில் இருந்த பிரார்த்தனையை, முன்னோருக்கே புரியாத அளவுக்கு இழுத்து இழுத்து வாசித்தார். வெயில் ஏறியது. முன்னோர் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றோம். ஈக்களுக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை.

பிறகு பங்கு பிரித்தார்கள். வாங்கித் தின்றால்தான் ஆசி.

“அவருக்கு வேண்டாம் அத்தான். ஆப்பிள் குடுங்க, நான் தோல் சீவிக்கிறேன்.”

“ஏம்மா, உன் கிட்னிக்கு எங்க தாத்தாவைப் பிடிக்கலையா?”

கூடமே சிரித்தது. தேஹோவின் காது சிவந்தது.

“நீ சும்மா இருடி,” என்று ஒரு துண்டை வாயில் போட்டான். போதாதென்று இன்னொன்றும் கேட்டு வாங்கினான்.

சாயங்காலம் குலமே கழிப்பறை வாசலில் நின்றது, மூப்பு வரிசை தவறாமல். மற்றவர்கள் கஞ்சி குடித்துத் தேறினார்கள். தேஹோவுக்கு மட்டும் விஷம் ரத்தத்தில் ஏறியது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கு நடுவே கிடந்தான்.

“படையல்ல ஏதோ குறை வெச்சிட்டோம், அதான்,” என்று வராந்தாவில் பியோங்குக் அண்ணன் உறவுக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் யங்மியைத் தனியே அழைத்தார்.

“நீங்க குடுத்த கிட்னி போயிடுச்சும்மா.”

“இன்னொண்ணு இருக்கே டாக்டர், அதை எடுத்துக்கங்க.”

டாக்டர் ஃபைலை மூடினார். தான் சொன்னது அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்து, அவள் சட்டையை விலக்கி, தழும்பில்லாத பக்கத்தைக் காட்டினாள்.